வேலையை விடாமல் பயோடெக் முதுகலை: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருப்பவர், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் நுண்ணுயிர்ச் சோதனை பார்ப்பவர், பாலக்கோட்டிலோ அரூரிலோ தனியார் பள்ளியில் அறிவியல் எடுப்பவர், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருப்பவர். பி.எஸ்சி.யோ பி.டெக்கோ முடித்து வேலைக்குப் போய்விட்ட இவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான்: சம்பளத்தை விடாமல் பயோடெக்னாலஜியில் முதுகலை வாங்க முடியுமா? முடியும். ஆனால் விளம்பரத்தில் சொல்கிற வழியில் முடியாது. பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தை எப்போது எடுக்க வேண்டும், வேலையும் ஆய்வகமும் எங்கே மோதும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

1. அஞ்சல்வழி, ஆன்லைன் பயோடெக்கை மறந்துவிடுங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம், அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 ஜூலையில் எடுத்த முடிவின்படி, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், பயோடெக்னாலஜி, கிளினிக்கல் நியூட்ரிஷன் ஆகியவற்றைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்த எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுமதி இல்லை. முன்பே பெற்றிருந்த அங்கீகாரமும் அந்தப் பருவத்திலிருந்து இந்தப் படிப்புகளுக்குச் செல்லாது.

அப்படியும் "சேர்த்துவிடுகிறோம்" என்று கல்வி மையங்கள் சொன்னால் அதன் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்.

முதலாவது, "பழைய பேட்ச்சில் போட்டுவிடுகிறோம்." 2024 செப்டம்பருக்குப் பிறகு தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர மாணவருக்கு டெப் ஐடி கட்டாயம். அதை யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில், ஏபிசி கணக்கை (படிப்பில் சேரும் கிரெடிட்டுகளைப் பதியும் மின்கணக்கு) இணைத்து, நீங்களேதான் உருவாக்க வேண்டும். முன்தேதியிட்ட சேர்க்கை இந்தப் பதிவில் நிற்காது.

இரண்டாவது, வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் "அங்கீகரிக்கப்பட்ட மையம்." படிப்பை நடத்தும் உரிமையைத் தனியார் மையத்துக்குக் குத்தகைபோல விடுவதை யுஜிசி அனுமதிப்பதில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் வைக்கவும் முடியாது.

மூன்றாவதுதான் மோசம்: "ரெகுலர் என்றே சர்டிபிகேட் வரும், பரீட்சைக்கு மட்டும் வாருங்கள்." வாங்கும்போது இனிக்கும். பிறகு நல்ல நிறுவனத்தில் வேலை கிடைத்து, ஆவணச் சரிபார்ப்பு நடக்கும்போது உங்கள் பி.எஃப். பாஸ்புக்கையும் பட்டத்தின் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஓசூரில் மாதம் முழுக்க வேலை பார்த்ததாக ஒன்று சொல்லும். வேறு மாநிலத்தில் தினமும் வகுப்பில் இருந்ததாக இன்னொன்று சொல்லும். அங்கே விளக்கம் சொல்லி மீள்வது கடினம்.

2. பட்டம் எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைப் பொறுத்து வழியே மாறும்.

பதவி உயர்வுக்கு என்றால், உங்கள் நிறுவனத்தின் ஹெச்.ஆரிடம் எந்தப் பட்டம், எந்த வகைப் படிப்பு செல்லும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். ஹெச்.ஆர். மாறுவார்.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவதற்கு என்றால் நில்லுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) கேட்பது தாவரவியல், விலங்கியல் போன்ற பாடங்கள். எம்.எஸ்சி. பயோடெக் தானாக அவற்றுக்குச் சமம் ஆகாது. சமம் என்று அரசாணை வேண்டும், அதுவும் இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பெயருள்ள பட்டம் என்று எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் சிக்கல். ஆசிரியர் வேலைதான் குறி என்றால், நம் கருத்தில், நேராக எம்.எஸ்சி. தாவரவியலோ விலங்கியலோ எடுப்பதே மேல். ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூடுதல் கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கணக்கை வைத்துச் சேர வேண்டாம்.

கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சி என்றால் சிஎஸ்ஐஆர் நெட் அல்லது மாநில செட் என்ற தகுதித் தேர்வை எழுத வேண்டும். நெட்டுக்கு எம்.எஸ்சி.யில் பொதுப்பிரிவினருக்கு 55 சதவீதம் தேவை. வேலையும் படிப்புமாக ஓடி 54-ல் முடித்தால் பயனில்லை. பகுதிநேரம் என்பது சட்டப்படி சுலபமாகக் கிடைப்பது அதற்கடுத்த பிஎச்.டி.யில்தான். யுஜிசியின் 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன. வேலையிடத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

3. உண்மையில் இருக்கும் வழிகள்

பி.டெக். படித்தவர்களுக்கும், ஏற்கெனவே அறிவியலில் எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கும் பகுதிநேர எம்.டெக். ஒரு வழி. வழக்கமாக 3 ஆண்டு, 6 செமஸ்டர். மாலை அல்லது வார இறுதி வகுப்பு. வேலை பார்ப்பவர்களுக்கான நெகிழ்நேரப் படிப்புகளை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) 2023-24 முதல் அனுமதித்து வருகிறது. குறைந்தது ஓராண்டு முழுநேரப் பணி அனுபவம் கேட்பார்கள். உங்கள் வேலையிடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு, அது வான்வழித் தூரமாகக் கணக்கிடப்படும். அந்த ஆண்டின் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, மேப்பில் அளந்துவிட்டு விண்ணப்பியுங்கள். கல்லூரியில் கேட்க வேண்டிய காகிதம் ஒன்றுதான்: அந்தக் கல்வியாண்டுக்கான ஏஐசிடிஇ அனுமதி நீட்டிப்புக் கடிதம். அதில் "பயோடெக்னாலஜி எம்.டெக்." என்ற வரி இருக்கிறதா, அது வேலை பார்ப்போருக்கானது என்று போட்டிருக்கிறதா, எத்தனை இடம் என்று நீங்களே படியுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, இந்தப் படிப்புக்கு இருப்பது வேறு.

வெறும் பி.எஸ்சி. மட்டும் உள்ளவர்களுக்கு எம்.டெக். கதவு திறக்காது. அவர்களுக்கு நடைமுறையில் இருப்பது ரெகுலர் எம்.எஸ்சி.தான். வேலையை அதற்கேற்ப வளைக்க வேண்டும். சில கல்லூரிகளில் இரண்டாம் ஷிஃப்ட் உண்டு, மதியம் தொடங்கி மாலையில் முடியும். காலை ஷிஃப்டோ பகுதிநேர வேலையோ உள்ளவர்களுக்கு இது ஒத்துவரலாம். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக ஆய்வகம் என்பதை மட்டும் யோசிக்காதீர்கள். தூக்கக் கண்ணோடு பன்சன் விளக்கும் அமிலமும் ஆட்டோகிளேவும் கையாள்வது ஆபத்து.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் எம்.எஸ்சி. இருக்கிறது. வளாகம் கருப்பூரில், சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் தர்மபுரியிலிருந்து போகிறவர்கள் சேலம் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆனால் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய முதல் பீரியட் போனதுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு பெங்களூருதான் அருகில். தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்க்காரர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட் வசதி உண்டு. கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை, பேருந்துதான்.

பணவசதி உள்ளவர்களுக்கு வெளிநாட்டு ஆன்லைன் முதுகலை ஒன்று இருக்கிறது. உதாரணமாக அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயோடெக்னாலஜி எம்.எஸ். 10 பாடங்கள்; வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். கட்டணம் ஒவ்வொரு பாடத்துக்கும் டாலரில். பன்னாட்டு மருந்து நிறுவனங்களில் இதற்கு மதிப்பு இருக்கும். இந்தியாவில் அரசு வேலைக்கோ நெட்டுக்கோ பிஎச்.டி.க்கோ பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு டாலரும் கட்டாதீர்கள்.

4. வேலையிடத்தில் எழுத்து வாங்குங்கள்

அரசு ஊழியர், அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர் என்றால் துறையின் முன்அனுமதி இல்லாமல் சேரவே கூடாது. "சேர்ந்துவிட்டுப் பிறகு பின்னேற்பு வாங்கிக்கொள்ளலாம்" என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். பணிப்பதிவேட்டில் பட்டம் ஏறாமல் நிற்பது பெரும்பாலும் இந்த ஆலோசனையால்தான். அனுமதிக் கோப்பு நகர மாதங்கள் ஆகும், அதனால் விண்ணப்ப அறிவிப்பு வரும் முன்பே கடிதம் கொடுங்கள்.

தனியாரில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்றில் மூன்று விஷயம் இருக்கும்படி பாருங்கள்: படிப்பின் பெயரும் கல்லூரியும், வகுப்பு நேரம், அந்த நேரத்தில் உங்களுக்கு ஷிஃப்ட் போடமாட்டார்கள் என்ற உறுதி. கடைசியானது இல்லாவிட்டால் ஆர்டர் குவிகிற மாதத்தில் மேற்பார்வையாளர் முதலில் கைவைப்பது உங்கள் வகுப்பு நாளில்தான். சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் படித்தால், அந்த நாட்கள் பி.எஃப். மாதாந்திரக் கணக்கில் பங்களிப்பில்லாத நாட்களாகப் பதிவாக வேண்டும். இதைக் கணக்குப் பிரிவில் சொல்லிவிடுங்கள். பின்னாளில் தேதிகள் மோதாமல் இருக்க அதுவே ஆதாரம்.

சில கல்லூரிகள் சேர்க்கைப் படிவத்தில் "முழுநேர வேலையில் இல்லை" என்று உறுதிமொழி கேட்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை பார்ப்பதை முதலிலேயே முதல்வரிடம் சொல்லி, அவர் சம்மதத்தைக் கடிதமாகப் பெறுவதே சரி.

5. காகிதங்கள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், இளநிலையின் எல்லா செமஸ்டர் பட்டியல், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்று, பட்டமளிப்புச் சான்று, டி.சி., நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பணி அனுபவச் சான்று. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. சிக்கல் வருவது வேறு இடங்களில்.

இனிஷியல். பத்தாம் வகுப்புப் பட்டியலில் "எம். சரவணன்" என்றிருக்கும், ஆதாரில் "சரவணன் முனியப்பன்" என்றிருக்கும். ஏபிசி கணக்கு ஆதாரோடு இணைவதால், பல்கலைக்கழகப் பதிவும் அதுவும் பொருந்தாமல் கிரெடிட் ஏறாது. ஓசூர்ப் பக்கத்தில் அப்பா பெயரின் தெலுங்கு, கன்னட எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு சான்றிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பது இன்னொரு தலைவலி. பள்ளிச் சான்றைத் திருத்துவதைவிட ஆதாரைப் பத்தாம் வகுப்புப் பட்டியலுக்கு ஏற்ப மாற்றுவது எளிது. சேர்க்கைக்கு 2 மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

மைக்ரேஷன் சர்டிபிகேட். இளநிலை ஒரு பல்கலைக்கழகம், முதுகலை வேறு பல்கலைக்கழகம் என்றால் இது தேவை. பெங்களூருவில் பட்டம் வாங்கி இங்கே சேர்பவர்களுக்கும், இங்கே வாங்கி கர்நாடகாவில் சேர்பவர்களுக்கும் இதோடு தகுதிச் சான்றும் சேரும் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற வேண்டும். வகுப்பு தொடங்கிய பிறகு கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட் இதற்காகவே நிறுத்தப்படும்.

இருப்பிடப் பிரச்சினை. பாகலூர், தளிப் பகுதியிலிருந்து பெங்களூருவில் படித்தவர்கள் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டில் இடம் கேட்டால் பிறப்பிடச் சான்றும் காட்ட வேண்டி வரும். எதிர்த்திசையிலும் அப்படித்தான்: தமிழ்நாட்டுச் சாதிச் சான்று கர்நாடகத்தில் இடஒதுக்கீடு தராது, அங்கே நீங்கள் பொதுப்பிரிவு. சாதி, வருமானம், பிறப்பிடச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், அதனால் அதை மட்டும் கடைசியில் எடுங்கள்.

அசல் டி.சி.யைக் கொடுத்தால் படிப்பு முடியும்வரை கைக்கு வராது. கொடுக்கும் முன் ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்து அட்டெஸ்டேஷன் வாங்கி, வண்ணத்தில் ஸ்கேனும் செய்து வையுங்கள்.

6. எப்போது என்ன செய்ய வேண்டும்

எம்.டெக்.குக்கான கேட், எம்.எஸ்சி.க்கான ஜாம் ஆகிய இரு தேசிய நுழைவுத் தேர்வுகளுக்கும் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. ஜாமில் பயோடெக் தாள் 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். கேட்டில் 65 கேள்வி. சிஇஇடிஏ–பிஜி எனும் தமிழ்நாட்டு எம்.டெக். நுழைவுத் தேர்வுக்கு ஆண்டின் தொடக்கத்தில் விண்ணப்பம். காட்–பி நுழைவுத் தேர்வு கோடையை ஒட்டி வரும்; மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உதவியோடு நடக்கும் படிப்புகளுக்கான தேர்வு அது. அந்தப் படிப்புகளில் எம்.எஸ்சி.க்கு மாதம் 5,000, எம்.டெக்.குக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. முழுநேரப் படிப்பு, வேலையை விட்டாக வேண்டும். சம்பளம் பத்துப் பன்னிரண்டாயிரம்தான் என்றால் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அரசு கலைக் கல்லூரி முதுகலைக்குப் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் இணையத்தில் விண்ணப்பம். பல்கலைக்கழகத் துறைகள், தனியார் கல்லூரிகள் தனித்தனியாக அறிவிக்கும்.

7. செலவு

அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் சொற்பம். கேட் விண்ணப்பம் மட்டும் 2026 தேர்வுக்கு 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. சுயநிதிக் கல்லூரியில் விசாரிக்கும்போது "கட்டணம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். கல்விக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புராஜெக்ட் கட்டணம் என்று நான்கையும் தனித்தனியாக, எல்லா செமஸ்டருக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் ஆண்டு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நான்காம் செமஸ்டரில் புராஜெக்டுக்கென்று தனியாகக் கேட்பது வழக்கமாகவே இருக்கிறது.

கேட் மதிப்பெண்ணுக்காக முழுநேர எம்.டெக்.குக்குக் கிடைக்கும் மாதம் 12,400 ரூபாய், பகுதிநேர மாணவருக்குக் கிடையாது. இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

பெரிய செலவு கட்டணமே அல்ல, போகிற சம்பளம்தான். மாதம் எத்தனை நாள் சம்பளம் பிடிபடும், ஓவர்டைம் எவ்வளவு போகும் என்று 24 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் கட்டணம் சிறிதாகத் தெரியும்.

8. ஆய்வகம் ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்காது

வருகைப்பதிவு பொதுவாக 75 சதவீதம். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வெழுத விடுவார்கள், அதற்கும் கீழே போனால் செமஸ்டரே போச்சு. தியரி வகுப்பை நண்பரின் நோட்டை வைத்து ஈடுகட்டலாம். செய்முறையை முடியாது. ஏன் என்று ஒரு சாதாரணப் பரிசோதனையை வைத்துப் பாருங்கள்: ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டிஎன்ஏவை நுழைப்பது.

முதல் நாள் மாலை 5 மி.லி. எல்.பி. என்ற ஊட்ட ஊடகத்தில் பாக்டீரியாவை விட்டு 37 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்க வேண்டும். மறுநாள் காலை அதில் 1 மி.லி. எடுத்து 100 மி.லி. புது ஊடகத்தில் விட்டால், 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.4-ஐத் தொட இரண்டு, மூன்று மணி நேரம். பிறகு பனிக்கட்டியில் வைத்தபடியே 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் பதப்படுத்தி, பிளாஸ்மிட் சேர்த்து, 42 டிகிரியில் 45 முதல் 90 வினாடி. மறுபடி பனிக்கட்டி, ஒரு மணி நேர மீட்சி, தட்டில் பரப்புதல். அன்று முழு நாளும் காலி. மூன்றாம் நாள் காலை, 16 மணி நேரத்தில், காலனிகளை எண்ண வேண்டும். ஷிஃப்ட் முடித்துவிட்டு மாலையில் வந்து எண்ணலாம் என்று விட்டால் ஆம்பிசிலின் தட்டில் பெரிய காலனிகளைச் சுற்றிப் பொடிப்பொடியாக, பிளாஸ்மிட் இல்லாத துணைக் காலனிகள் முளைத்திருக்கும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். 0.4-ஐ வெகுவாகத் தாண்டி வளரவிட்டாலும் சிக்கல்தான்: செல்கள் பிளாஸ்மிடை வாங்குவது குறையும், தட்டில் காலனிகள் குறைவாகவே இருக்கும்.

ஆகவே செமஸ்டர் தொடங்கும் வாரத்திலேயே செய்முறைப் பட்டியலை வாங்கி, இரண்டு நாளுக்கு மேல் தொடர்கிறவற்றைக் குறித்து, அந்த நாட்களுக்கு மட்டும் விடுப்பை முன்கூட்டியே போடுங்கள். இருக்கிற சாதாரண விடுப்பையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கவென்று சேர்த்து வைப்பதைவிட இதில் செலவழிப்பது லாபம்.

ஸ்வயம்–என்பிடெல் என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடங்கள் தியரிச் சுமையைக் குறைக்கும். தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். ஆனால் உங்கள் கல்லூரியின் பாடக்குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் இருந்தால்தான் கிரெடிட் மாறும். முதலில் துறைத் தலைவரின் கையெழுத்து, பிறகு பதிவு.

9. புராஜெக்ட்: வேலைக்கு ஒத்த தலைப்பு

கடைசி செமஸ்டரில் பலர் வேலையை விடுவது தலைப்பைத் தவறாக எடுத்ததால்தான். தினமும் வந்து அளக்க வேண்டிய நொதித்தல், விலங்குச் சோதனை, நோயாளிகளின் ரத்த மாதிரி ஆகியவற்றைத் தவிருங்கள். பின்னிரண்டுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அதற்கே செமஸ்டரில் பாதி கரையும். திசு வளர்ப்பு ஒத்துவரும்: வாழையில் அடுத்த மாற்று நடவு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான். ஊடகத்தின் பி.ஹெச். 5.8, சர்க்கரை லிட்டருக்கு 30 கிராம், ஆட்டோகிளேவ் 121 டிகிரி. இதில் கவனமாக இருந்தும் பூஞ்சை பிடித்தால் பெரும்பாலும் கோளாறு தாய்க்கன்றின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதில் இருக்கும். கணினி வழி மரபணு ஒப்பீடு இன்னும் எளிது, இரவில் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அதை மட்டும் வைத்து நேர்காணலுக்குப் போனால் "கையால் என்ன செய்தீர்கள்" என்று கேட்பார்கள்.

கிருஷ்ணகிரியில் இருக்கிறவர்களுக்குக் கையருகே ஒரு மூலப்பொருள் உண்டு: கூழ் ஆலைகள் ஒதுக்கும் பெங்களூரா மாம்பழத் தோல். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை அதில் வளர்த்துப் பெக்டினேஸ் என்ற நொதியை எடுப்பது முதுகலைக்குப் போதுமான வேலை. ஒரே சிக்கல் பருவம். ஆலைகள் ஓடுவது கோடையில், புராஜெக்ட் செமஸ்டர் வருவது டிசம்பருக்குப் பிறகு. ஜூன், ஜூலையிலேயே தோலை வாங்கி, கழுவி, 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, அரைத்து, காற்றுப்புகாத டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் நீங்கள் விதைக்காத பூஞ்சை முந்திக்கொள்ளும்.

பிரைமரை (டிஎன்ஏவைப் பெருக்கப் பயன்படும் சிறு டிஎன்ஏ துண்டு) வெளியில் ஆர்டர் செய்தால் ஒரு பேஸுக்கு இவ்வளவு என்று விலை. கல்லூரியின் பெயரில் வாங்கினால் பில்லை யார் கட்டுவது என்பதை வழிகாட்டியிடம் முன்பே பேசிவிடுங்கள். ஆய்வேட்டை முடித்ததும், பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்குப் போகும். யுஜிசியின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை. செய்முறைப் பகுதியைச் சீனியரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுப்பதுதான் இந்த எண்ணை ஏற்றுவது. திருத்தி மறுபடி சோதிக்க சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழக நூலகத்தில் அந்தச் சமயத்தில்தான் வரிசை நீளமாக இருக்கும்.